சோக்கில் எரியும் எண்ணெய்

உடுவிலில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் நெடுங்காலமாக எரிந்துவந்த 4 அடி ரியூப் லைற்றின் மேலே படிந்திருந்த ஒட்டறையை அடிப்பதற்காக ஒருநாள் இரவு நான் கதிரையில் ஏறி நின்றபொழுது, என் புறங்கை தற்செயலாக அந்தத் தகரப்பட்டியின் நடுப்பாகத்திலே பட்டது. அடுப்பிலிருந்து அப்பொழுதுதான் இறக்கி வைத்த கேத்திலைத் தொட்டவன்போலக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். வெளிச்சத்தைத் தருகின்ற கண்ணாடிக் குழாயோ இளஞ்சூட்டோடு இருந்தது. வெளிச்சம் ஒரு சிறிதும் தராமல், பட்டிக்குள் மறைந்திருந்து, கோடையில் வண்டு முரல்வதுபோல ஓயாது இரைந்துகொண்டிருந்த கறுத்த இரும்புக் கட்டியே அத்தனை சூட்டுக்கும் இருப்பிடமாயிருந்தது. விளக்கு எரிவதற்கென்று வாங்கிய மின்சாரத்தில் ஒரு பங்கு விளக்குக்குப் போய்ச் சேராமல் அந்தக் கட்டியிலேயே உஷ்ணமாகி விரயமாகின்றது என்பதற்கு அதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேறு வேண்டியதில்லை. அந்தக் கட்டியைத்தான் நம்மவர் சோக் என்கிறார்கள். அதற்குப் பதிலாகப் பிற்காலத்தில் வந்த, கையில் எடுத்தால் பாரமே தெரியாத இலத்திரனியல் சோக்கையும் அதனையும் ஒப்பிட்டு, எது எவ்வளவு மின்சாரத்தை உண்கிறது, அந்த வேற்றுமை எங்கிருந்து பிறக்கிறது, நம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அதன் பெறுமதி என்ன என்பவற்றை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

ரியூப் லைற்றுக்குச் சோக் எதற்கு என்ற கேள்வியிலிருந்தே தொடங்கவேண்டும், ஏனெனில் சாதாரண மின்குமிழுக்கு அப்படியொரு துணைக் கருவி வேண்டியிருக்கவில்லை. குமிழில் இருப்பது உலோக இழை. சூடேறச் சூடேற அதன் தடை கூடுவதால், தனக்கு வேண்டிய மின்னோட்டத்துக்கு மேல் அது தானாகவே வாங்கிக்கொள்வதில்லை. 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இந்தக் குழாய் விளக்கிலோ இழை நெடுகப் போவதில்லை. இரு முனைகளிலும் சிறு சுருள்கள் மாத்திரம் இருக்க, இடைவெளி முழுவதும் சிறிதளவு ஆகன் வாயுவும் இரசத்தின் ஆவியுமே நிறைந்திருக்கின்றன. அந்த ஆவியினூடே இலத்திரன்கள் பாய்ந்து இரச அணுக்களை மோத, அவ்வணுக்கள் கண்ணுக்குத் தெரியாத, ஏறக்குறைய 254 நனோமீற்றர் அலைநீளமுள்ள புறவூதாக் கதிரை உமிழ்கின்றன. கண்ணாடியின் உட்புறத்தில் பூசப்பட்டுள்ள வெண்பொடி அக்கதிரை உண்டு, நாம் காண்கின்ற வெள்ளொளியாக மாற்றித் தருகிறது.

இதிலே ஒரு சங்கடம் உண்டு. வாயுவுக்குள் மின்னோட்டம் கூடக்கூட, மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளும் பெருகுகின்றன. அவை பெருகப் பெருக, மின்னோட்டத்துக்கு வழி மேலும் இலகுவாகின்றது. எங்களூர்ச் செம்மண் தோட்டங்களில் இறைப்பு நடக்கும்போது வாய்க்கால் வரம்பிலே ஒரு சிறு உடைப்பு விழுந்துவிட்டால் என்ன நேரும் என்பதை உழவர் பிள்ளைகள் அறிவார்கள்: பாய்கின்ற நீரே உடைப்பை அகலமாக்க, அகன்ற உடைப்பு இன்னும் அதிக நீரை வாங்க, மண்வெட்டியோடு ஓடிப்போய் ஒருவன் அடைக்காவிட்டால் கணப்பொழுதில் வரம்பே இல்லாமற் போய்விடும். குழாய்க்குள் நிகழ்வதும் அதுவே. 230 வோல்ற்று மின்சாரத்தை நேரே கொடுத்து, குழாயும் ஒருமுறை பற்றிக்கொண்டால், மின்னோட்டம் எல்லையின்றி ஏறிக் குழாயை அழித்துவிடும். மண்வெட்டியோடு நிற்கும் அந்த ஆளின் வேலையைச் செய்வதற்கே சோக் வேண்டியிருக்கிறது.

அந்த வேலையை ஒரு சாதாரண தடைக்கம்பியும் செய்யக்கூடியதே. ஆனால் 36 வாற்றுக் குழாய் எரியும்போது அதன் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 103 வோல்ற்றுதான் நிற்கிறது. மீதி 127 வோல்ற்றையும் அந்தத் தடைக்கம்பியே தாங்கவேண்டும். குழாயில் ஓடும் மின்னோட்டம் 0.43 அம்பியர். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் 55 வாற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். விளக்கு உண்பதைவிடக் காவற்காரன் உண்பது அதிகமாகிவிடும். இரும்புத் தகடுகளை அடுக்கி அதன்மேல் செப்புக்கம்பியைச் சுற்றிய சோக் இந்தக் கொடுமையிலிருந்து நம்மைக் காப்பாற்றியது. எப்படியெனில், தன்மீது வரும் சக்தியை அது எரித்துவிடாமல், ஆடலோட்டத்தின் ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதியில் காந்தப்புலமாகச் சேமித்து வைத்து, மறு பகுதியில் அதனைக் கம்பிக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. துலா மிதித்த தலைமுறையினருக்கு இது புதிய விஷயம் அன்று. வெறும் பட்டையைக் கிணற்றுக்குள் இறக்கும்போது நாம் செலவிடும் பலத்தால் துலாவின் பின்பாரம் மேலே எழுகிறது. நிறைந்த பட்டையை மேலே எடுக்கும்போது, அந்தப் பாரம் கீழிறங்கி, நாம் கொடுத்த பலத்தை நமக்கே திருப்பித் தருகிறது. வீணாவது எல்லாம் அச்சிலே உராய்ந்து கிறீச்சிடுகின்ற அந்தச் சிறு பகுதி மாத்திரமே.

சோக்கிலே அந்த அச்சு உராய்வுக்கு ஒப்பானது எவ்வளவு? செப்புக் கம்பியும் தடையற்றதன்று. வழக்கமான 36 அல்லது 40 வாற்றுச் சோக்கின் சுருளுக்கு ஏறக்குறைய 40 ஓம் தடை உண்டு என்று கொள்வோம். 0.43ஐ அதனாலேயே பெருக்கி, அதனை மீண்டும் 40ஆற் பெருக்கினால் 7.4 வாற்று வரும். இரும்புத் தகடுகள் வினாடிக்கு 50 முறை இப்பக்கமும் அப்பக்கமுமாகக் காந்தமேற்றப்படுவதாலும், தகட்டுக்குள்ளேயே சுழலோட்டங்கள் எழுவதாலும் மேலும் ஒன்றிரண்டு வாற்று கழிந்துபோகின்றது. ஆகச் சுமார் 9 வாற்று. அன்றிரவு என் புறங்கையைச் சுட்டது அந்த 9 வாற்றுத்தான். அலையொன்றுக்கு இருமுறையாக, வினாடிக்கு 100 முறை அத்தகடுகள் நெளிந்து அதிர்வதே நாம் கேட்ட இரைச்சல். கம்பியை மெலிதாக்கி, இரும்பைக் குறைத்து, விலையைச் சகாயமாக்கிய சோக்குகளிலே இந்தக் கணக்கு 9ஐயும் தாண்டிப் போகும். தடித்த கம்பியும் நல்ல இரும்பும் இட்டவற்றில் அதனை 5 அல்லது 6 வரை இறக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய விதி, 36 வாற்றுக் குழாயும் சோக்கும் சேர்ந்து உண்ணக்கூடிய மின்சாரத்துக்கு முதலில் 45 வாற்று என்றும் பின்னர் 43 வாற்று என்றும் எல்லை கட்டியது. சோக் செய்வோரை நல்ல செம்புக்கும் நல்ல இரும்புக்கும் திருப்புவதற்கு அந்த இரண்டு வாற்று வேற்றுமையே போதியதாயிற்று.

இலத்திரனியல் சோக்கின் சூட்சுமம் முழுவதும் மீடிறனிலே, அதாவது மின்னோட்டம் வினாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதிலே, இருக்கிறது. அது வீட்டுக்கு வரும் 50 ஹேட்ஸ் ஆடலோட்டத்தை முதலில் நேரோட்டமாக்குகிறது. பின்னர் இரண்டு திரான்சிற்றர்கள் மாறிமாறித் திறந்து மூடி, அதனை வினாடிக்கு 25,000 முறைக்கு மேல் ஆடுகின்ற ஓட்டமாக மாற்றிக் குழாய்க்குக் கொடுக்கின்றன. சுருளொன்று மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு மீடிறனோடு சேர்ந்து ஏறுவதாதலின், மீடிறன் 500 மடங்காகும்போது சுருளின் தூண்டல் 500இல் ஒரு பங்காயிருந்தாலே போதும். 50 ஹேட்ஸில் ஒரு ஹென்றிக்கு மேல் வேண்டியிருந்த இடத்திலே இங்கே இரண்டு மூன்று மில்லிஹென்றி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. உள்ளங்கையில் அடங்கும் பெரைற்றுக் கட்டியும் சில சுற்றுக் கம்பியும் இருந்தாற் காரியம் முடிந்தது. கம்பி குறைந்தால் தடை குறையும். தடை குறைந்தால் சூடு குறையும்.

ஆயினும் இலாபத்தின் மற்றப் பாதி பெட்டிக்குள் இல்லை, குழாய்க்குள்ளேயே இருக்கிறது. இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு மிக வியப்பளிப்பது அதுவே. 50 ஹேட்ஸில் ஓடும் மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை சூனியமாகிறது. ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் இருக்கும் மின்னேற்றத் துணிக்கைகள், தம்மை ஓட்டுவாரின்றி, ஒரு மில்லிவினாடி அளவிலே ஒன்றோடொன்று கூடிக் குறைந்துவிடுகின்றன. அடுத்த அரையலை வந்து மறுபடியும் அவற்றை உண்டாக்க வேண்டியிருக்கிறது. தோசைக்கல்லைத் தோசைக்குத் தோசை ஆறவிட்டு மீண்டும் சூடேற்றினால் விறகு எவ்வளவு வீணாகுமோ, அவ்வகையான செலவு இது. 25,000 ஹேட்ஸிலோ அரையலையின் ஆயுள் 20 மைக்கிரோவினாடி மாத்திரமே. துணிக்கைகளுக்கு அழிந்துபோக அவகாசமில்லை. முனைச்சுருள்களில் இழக்கப்படும் சக்தியும் குறைகிறது. இவ்விரண்டினாலும், 50 ஹேட்ஸில் 36 வாற்று உண்டு தந்த வெளிச்சத்தை அதே குழாய் இப்போது 32 வாற்றிலேயே தந்துவிடுகிறது. பெட்டி தன் பங்குக்கு உண்பது சுமார் 4 வாற்று. மொத்தம் 36. பழைய சோக்கோடு 45, புதிய சோக்கோடு 36, வெளிச்சம் ஒன்றே. நல்ல குழாயொன்றின் ஒளியை 3,350 லூமன் என்று வைத்துக்கொண்டால், வாற்று ஒன்றுக்கு 74 லூமன் கிடைத்த இடத்தில் 93 கிடைக்கிறது.

இதனை நம்புவதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வீட்டுச் சுவரிலே தகடு சுழலும் பழைய மின்மானி ஒன்றிருந்தாற் போதும். ஒரு கிலோவாற்று மணிக்கு 600 சுற்று என்று அதன் முகத்தில் எழுதியிருந்தால், ஒரு சுற்றுக்கு 6,000 யூல் என்பது கணக்கு. வீட்டிலுள்ள ஏனைய எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ரியூப் லைற்றை மாத்திரம் எரியவிட்டு, மணிக்கூட்டோடு மானியின் முன் அமருங்கள். தகட்டின் விளிம்பிலுள்ள கறுப்புக் குறி ஒருமுறை சுற்றி வருவதற்கு இரும்புச் சோக்கோடு 133 வினாடியும், இலத்திரனியல் சோக்கோடு 167 வினாடியும் செல்லவேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்தாமல் பத்துச் சுற்றுவரை எண்ணுவதே உத்தமம். முதலதற்கு 22 நிமிடமும் சொச்சமும், இரண்டாவதற்கு ஏறக்குறைய 28 நிமிடமும் ஆகும். அந்தக் குறி வளைவுக்குப் பின்னே மறைந்து, மறுபடியும் இடப்புறத்தில் தலைகாட்டும் வரை காத்திருப்பதில், பாடப்புத்தகத்தில் வாசித்த சமன்பாடு எதுவும் தராத ஒரு நிச்சயம் மனத்திலே உண்டாகிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயம் இதைச் செய்துபார்க்கச் சொல்லவேண்டும்.

ஆனால் மானி சொல்வது பாதி உண்மையே என்பதையும் அவர்களுக்குச் சொல்லவேண்டும். சந்தையில் வந்த மலிவான இலத்திரனியல் சோக்குகளிற் பல, 28 வாற்று, 30 வாற்று என்று மேலும் குறைந்த கணக்கைக் காட்டிப் பெயரெடுத்தன. அவற்றின் இரகசியம் யாதெனின், குழாய்க்குப் போதிய மின்னோட்டத்தைக் கொடுக்காமல் அதனை அரைப்பட்டினியில் வைத்திருந்ததே. வெளிச்சமும் அதற்கேற்பக் குறைந்தது. கண் அந்தக் குறைவை எளிதில் உணராது. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் பக்கத்தில் வேறொரு விளக்கை வைத்துப் பார்த்தாலன்றித் தெரியவராது. ஆதலால் இரண்டு சோக்குகளை ஒப்பிடும்போது எத்தனை வாற்று என்று மட்டும் கேட்பது நியாயமாகாது. அந்த வாற்றுக்கு எத்தனை லூமன் என்றும் கேட்கவேண்டும்.

இனி, 9 வாற்று என்பது பெரிய காரியமா என்று ஒருவர் கேட்கலாம். நாள் ஒன்றுக்கு 5 மணித்தியாலம் எரியும் ஒரு விளக்குக்கு, ஆண்டொன்றில் அது 16 கிலோவாற்று மணிக்குச் சிறிது மேலாகும். பெரிய நீர்வீழ்ச்சிகளின் மின்சாரத்தில் வாழ்கின்ற ஊரொன்றில் இருப்பவர் இதைக் கேட்டுப் புன்னகை செய்து போய்விடலாம். உடுவிலில் இருப்பவனுக்கு அது இயலாது. 1824ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் பெண்பிள்ளைகளை விடுதியில் இருத்திப் படிப்பிக்கத் தொடங்கிய இந்தக் கிராமம், எண்ணெய் விளக்கில் எழுத்துக்கூட்டிய தலைமுறைகளைக் கண்டது. மின்விளக்கில் படித்த தலைமுறைகளையும் கண்டது. பின்னர், 1990 ஜூன் மாதத்தில் போர் மறுபடியும் மூண்டபோது மின்சாரத்தை முற்றாக இழந்து, ஆண்டுக்கணக்காக மறுபடியும் எண்ணெய் விளக்குக்கே திரும்பியது. மண்ணெண்ணெயோ தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. ஜாம் போத்தலின் அடியிலே கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, நூலளவு திரியிட்டு, போத்தலின் கண்ணாடியே சிமினியாக நிற்க, அந்த ஒளியில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். ஒரு துளி எண்ணெயிலிருந்து எத்தனை எழுத்தை வாசிக்கலாம் என்ற கணக்கைக் குடாநாட்டின் ஒவ்வொரு வீடும் அந்நாளில் செய்தது. ஒளியின் திறன் என்று விஞ்ஞான நூல்கள் சொல்வதும் அந்தக் கணக்கைத்தான்.

மின்சாரம் மீண்டு வந்தபோதும் அது எண்ணெயாகவே வந்தது. கிளிநொச்சியிலிருந்து உயரழுத்தக் கம்பித்தொடர் வந்து தேசிய மின்வலையோடு எங்களை இணைக்கும் வரை, உடுவிலிலிருந்து கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க சுன்னாகத்திலே எண்ணெய் எந்திரங்கள் ஓடியே குடாநாட்டுக்கு மின்சாரம் தந்தன. இத்தகைய எந்திரம் ஒரு கிலோவாற்று மணிக்குச் சுமார் கால் லீற்றர் எண்ணெயைக் குடிக்கும். அப்படியானால், ஒற்றை விளக்கின் சோக்கிலே ஆண்டுதோறும் சூடாகிப் போன 16 கிலோவாற்று மணியும், சுன்னாகத்தில் எரிந்த 4 லீற்றருக்குச் சற்று மேற்பட்ட எண்ணெய். பழைய வழக்கப்படி போத்தலில் அளந்தால் ஐந்தரைப் போத்தல். 200 விளக்குகளுள்ள ஒரு பாடசாலைக்கோ ஆசுபத்திரிக்கோ இதனைப் பெருக்கிப் பார்ப்பது வாசகருக்குக் கடினமன்று. அந்த எண்ணெய் நம் பணத்தைக் கொண்டது போதாதென்று நீரையும் கொண்டது. ஆறுகளில்லாத எங்கள் நிலம், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே மழைநீரைச் சேமித்துக் கிணறுகளால் வாழ்கின்ற நிலம். சுன்னாகத்துச் சுற்றாடலில் கிணற்று நீரிலே எண்ணெய் கலந்து, அங்கே இயங்கிய தனியார் மின்னிலையத்தின்மீது தொடரப்பட்ட வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகரப்பட்டிக்குள் இரைகின்ற இரும்புக் கட்டியையும் கிணற்று நீரில் மிதந்த எண்ணெய்ப் படலத்தையும் இணைக்கும் கம்பி கண்ணுக்குத் தெரியும்படியாகவே காங்கேசன்துறை வீதியோரக் கம்பங்களில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பியைப்பற்றியும் ஒரு வார்த்தை. துலாப்போலச் சக்தியை வாங்கித் திருப்பித் தருகின்ற இரும்புச் சோக், அப்படி வாங்கவும் கொடுக்கவும் மேலதிகமான மின்னோட்டத்தைக் கம்பியினூடே போகவர வைக்கிறது. 230 வோல்ற்றையும் 0.43 அம்பியரையும் பெருக்கினால் 99 வரும். மானி பதிவதோ 45 வாற்று மாத்திரம். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வலுக்காரணி என்பர். இங்கே அது பாதிக்கும் குறைவு. வீட்டுக்காரர் இதற்குப் பணம் கட்டுவதில்லை. ஆனால் மின்னிலையமும் கம்பியும் அந்த மின்னோட்டம் முழுவதையும் சுமந்தே தீரவேண்டும். வலுக்காரணியைச் சீர்ப்படுத்திய நல்ல இலத்திரனியல் சோக்கு 0.16 அம்பியரளவிலேயே அந்த வெளிச்சத்தைத் தந்துவிடும். கம்பியில் எழும் உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால், அதே வெளிச்சத்தை அனுப்புவதற்குக் கம்பியில் ஏற்படும் இழப்பு ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. நீண்ட கம்பியின் கடைசிக் கம்பத்தில் இருக்கும் வீடுகளில், மாலை ஏழு மணிக்கு மின்னழுத்தம் 180 வோல்ற்றுக்குக் கீழே இறங்கி, ரியூப் லைற்றுகள் பற்றிக்கொள்ளாமல், அவற்றைப் பற்றவைக்கும் ஸ்டாட்டர் வீணே மினுங்கிக்கொண்டிருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏழு மடங்கின் அருமை விளங்கும். இரும்புச் சோக்குக்கும் 4.5 மைக்கிரோபரட் கொள்ளளவி ஒன்றைப் பக்கத்தில் இணைத்தால் இக்குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மானியில் அதன் பலன் தெரியாமையால் வீடுகளில் அதனை ஒருவரும் இணைப்பதில்லை.

இவ்வளவு சொன்னபின் இரும்புச் சோக்கின் பக்கத்து நியாயத்தையும் மறைப்பது தர்மமாகாது. எங்கள் விறாந்தைச் சோக் 20 வருஷத்துக்கு மேல் உழைத்தது. அதிலே பழுதுபடுவதற்குச் செம்பையும் இரும்பையும் தவிர வேறொன்றும் இல்லை. அதற்குப் பின் நான் வாங்கிய இலத்திரனியல் சோக், விற்றவர் சொன்ன புகழ்ச்சிக்கெல்லாம் மாறாக, இரண்டாவது மாரியையே காணவில்லை. திறந்து பார்த்தேன்: நேரோட்டத்தைத் தேக்கி வைக்கும் கொள்ளளவியின் தலை வீங்கி வெடித்திருந்தது, பக்கத்தே திரான்சிற்றரின் கால்களைச் சுற்றிச் சுற்றுப்பலகை கருகியிருந்தது. மின்னழுத்தம் ஏறியிறங்குவதும், இடிமின்னலின்போது கம்பியிலே மிகையழுத்தம் பாய்ந்து வருவதும், உப்புக்காற்றும், தகரப்பட்டிக்குள் தங்குகின்ற வெப்பமும் அந்த நுண்ணிய உறுப்புகளுக்குப் பரம சத்துருக்கள். வடிகட்டும் சுற்றை நீக்கி மலிவாக்கிய சோக்குகளோ வலுக்காரணியிலும் 0.6 அளவிலேயே நின்று, பக்கத்தில் வானொலியை வைத்தால் கரகரவென்று இரைச்சலையும் எழுப்பின. ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: சீராகச் செய்யப்பட்ட இலத்திரனியல் சோக்கு இரும்புச் சோக்கைவிட எல்லாவிதத்திலும் மேலானது, சீர்கெட்டுச் செய்யப்பட்டதோ, இரண்டு வருஷத்தில் குப்பையாகி, தான் மிச்சம் பிடித்த எண்ணெயைத் தன்னை மறுபடியும் வாங்குவதிலேயே தின்றுவிடுகிறது.

இப்போது அந்தப் போட்டியே பழங்கதையாகி வருகின்றது. 2023இல் ஜெனீவாவில் கூடிய, இரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், இரசமுள்ள இந்த நீள் குழாய்களின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2027ஆம் ஆண்டு முடிவுக்குள் நிறுத்துவதென்று தீர்மானித்தன. அதே தகரப்பட்டியில் 18 வாற்று எல்.இ.டி. குழாயை மாட்டி, ஸ்டாட்டர் இருந்த இடத்தில் அதனோடு வந்த போலி ஸ்டாட்டரைச் செருகி எரிப்பவர்கள் ஊரிலே பலர். பழைய இரும்புச் சோக் அப்போதும் சுற்றிலே இருந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் மின்னோட்டம் நாலில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுவதால் அதன் செப்பு இழப்பு பதினாறில் ஒரு பங்காகி, அரை வாற்றளவில் நின்றுவிடுகிறது. கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரிவதில்லை.

கழற்றிய குழாய்களின் கதையோ வேறு. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் இரசம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையிலே வேலிக்கதியாலோடு சாத்திவைத்த நான்கைந்து குழாய்களைப் பல மாதங்களாகக் காண்கிறேன். இரு முனைகளும் கறுத்து, மழை கழுவி, கிணற்றடிக்குப் பத்தடி தூரத்தில் அவை நிற்கின்றன. பிள்ளைகள் விளையாட்டாக எடுத்து உடைத்துவிடுமுன் அவற்றைப் பத்திரமாக ஒரு பெட்டியில் இட்டு, ஏற்றுக்கொள்ளும் இடம் கிடைக்கும்வரை கூரையுள்ள இடத்தில் வைக்கும்படி அந்த வீட்டுக்கார அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.